உடன்போக்கும் நிழற்படமும்: ஒரு ஸ்டுடியோக்காரனின் குறிப்புகள்

என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் இப்போது புதுச்சேரியில் கல்யாணப் படம் எடுக்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவன் சொன்னான்: ‘இப்ப புதுசா ஒண்ணு வந்துருக்குணா, எலோப்மென்ட் ஷூட்னு. மண்டபம் கெடையாது, பந்தி கெடையாது. பொண்ணு, மாப்ள, கூட நாலு பேரு. விடிகாலைல கடற்கரை. மால மாத்திக்குவாங்க, மோதிரம் போட்டுக்குவாங்க. நாங்க ரெண்டு கேமரா, ஒரு ட்ரோன்.’ ‘எலோப்மென்ட்னா இன்னாடா அர்த்தம்?’ என்று கேட்டேன். ‘சின்னதா பண்ற கல்யாணம்ணா’ என்றான்.

அவன் சொன்னது தப்பில்லை. அந்தச் சொல்லுக்கு இன்று மேற்கில் அதுதான் பொருள். திண்டிவனத்தில் ரயிலடிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அந்தச் சொல்லின் தமிழ் வேறு மாதிரிப் பழக்கம். ‘ஓடிப்பூட்டா.’ அதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். இல்லையென்றால் தெருவே கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். நடுவில் ஒரு குரல் இருந்து நான் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் 1753 இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் வந்தது. இருபத்தொரு வயது நிறையாதவர்களின் மணத்தைத் தடுக்கும் அதிகாரம் அதன் மூலம் பெற்றோர் கைக்குப் போயிற்று. ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே எல்லையைத் தாண்டியதும் வருகிற கிரெட்னா கிரீன் என்ற கிராமத்துக்குக் குதிரை வண்டிகளில் ஓடினார்கள். கொல்லன் பட்டறையில், பட்டறைக்கல்லின் முன்னால் கல்யாணம். பின்னாலேயே இன்னொரு வண்டியில் அப்பன்மார். இன்றைக்கு அந்தப் பட்டறை சுற்றுலாத் தலம். துரத்த யாரும் இல்லாதவர்களும் அங்கே போய் மணம் செய்துகொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். துரத்துகிறவன் இல்லாமல் போன பிறகு ஓட்டம் ஓர் அழகியலாக மாறிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அழகியல் நம்முடைய கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து இறங்கும்போது, அதே மணலில், அதே விடிகாலையில், அதே இரண்டு மாலைகளோடு நிற்கிற இன்னொரு ஜோடியைக் காணாமல் அடித்துவிடுகிறது. அந்த இரண்டாவது ஜோடியின் படத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். அந்தப் படம் எதற்காக எடுக்கப்படுகிறது, எடுத்த பிறகு அது என்னவெல்லாம் செய்கிறது என்பது எழுத்தாளர்களுக்கும் சரி, இம்மாதிரி மணங்களை நடத்தி வைக்கிற தோழர்களுக்கும் சரி, தெளிவாக இல்லை என்று நினைக்கிறேன். எனக்கும் ரொம்ப நாள் தெளிவாக இருந்ததில்லை.

ஓடிப்போகிற பெண்ணுக்கு, அவள் ஓடுவதற்கு முன்பே ஒரு படம் இருக்கும். மஞ்சள் நீராட்டு விழாப் படம். பச்சை ஓலை கட்டி, தலை நிறைய கனகாம்பரமும் ராக்கொடியும் வைத்து, பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து எடுப்போம். ஊர்த்தெருவிலும் எடுத்திருக்கிறேன், காலனியிலும் எடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலுக்குச் சோறு போட்டதில் பாதி இந்தப் படம்தான். இதைச் சடங்குப் படம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் உடைமைப் பத்திரம். ‘எங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள்’ என்று தாய்மாமனுக்கும் பங்காளிக்கும் சாதிசனத்துக்கும் அறிவிக்கிற பத்திரம். இன்று அது பிளெக்ஸ் போர்டாகித் தலைவர்கள் படங்களோடு முச்சந்தியில் நிற்பதைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

பத்திரம் என்று ஏன் சொல்கிறேன்? 1999 வாக்கில் ஒரு சாயங்காலம் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள். ‘அஞ்சு வருஷம் முன்னாடி பாப்பா சடங்குக்கு எடுத்தீங்களே, அந்த நெகட்டிவ் இருக்கா? மூஞ்சி மட்டும் பெருசா அம்பது காப்பி வேணும்.’ நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நெகட்டிவைத் தேடி எடுத்து, பூவையும் நெற்றிச்சுட்டியையும் விட்டுவிட்டு முகத்தை மட்டும் பெருக்கி, ராத்திரியே போட்டுக் கொடுத்தேன். கூலியும் வாங்கினேன். நாலாம் நாள் தூரத்து ஊர் பஸ் ஸ்டாண்டு ஒன்றில் அந்தப் பெண் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் எத்தனையோ விசேஷங்களுக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் அவளை என் கேமரா பார்க்கவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை.

இதை நான் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதவில்லை. நிழற்படம் என்றால் நினைவு, கலை, ஒளியின் கவிதை என்றெல்லாம் நம் பத்திரிகைகளில் எழுதுகிறோம். ஜான் டாக் என்ற நிழற்பட வரலாற்று ஆசிரியர் 1988 இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைச் சொல்கிறார்: நிழற்படத்துக்கென்று சொந்தமாக ஓர் அதிகாரம் கிடையாது, அதைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் எதுவோ அதன் அதிகாரமே அதற்கு உண்மையைப் பேசும் பலத்தைத் தருகிறது. 1880களில் பாரிஸ் போலீஸில் பெர்த்தியோன் என்பவர் குற்றவாளிகளை நேராகவும் பக்கவாட்டிலும் படம் பிடித்து அட்டை போட்டுச் சேர்த்த காலத்திலிருந்தே இது தொடர்கிறது. டாக் சொல்கிற நிறுவனங்கள் போலீஸ், மருத்துவமனை, சிறை. நம் ஊரில் அந்தப் பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டியது சாதி. அதற்கு அலுவலகம் கிடையாது, பீரோ கிடையாது. என்னைப் போன்ற ஸ்டுடியோக்காரனின் நெகட்டிவ் டப்பாதான் அதன் ஆவணக் காப்பகம்.

இரண்டாவது படம், கல்யாணம் நடந்ததற்கான படம். இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1967 இல் அண்ணாவின் ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர், வேறு யாராக இருந்தாலும் சரி, அவர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். புரோகிதர் வேண்டாம். அந்தப் பிரிவில் போட்டோ என்ற பேச்சே கிடையாது. ஆனால் நடைமுறையில்? 2009 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் போனால் முதலில் அழைப்பிதழைக் கேட்பார்கள். ஓடி வந்தவர்களிடம் ஏது அழைப்பிதழ்? எனவே ஒன்று அச்சடிக்கப்படும். யாரையும் அழைக்காத அழைப்பிதழ், பத்தே பத்து பிரதி. தமிழின் மிகச் சோகமான புனைவு வடிவம் இதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ‘பெரியோர்கள் ஆசியுடன்’ என்று அதிலும் போட்டிருக்கும். அழைப்பிதழுக்குத் துணையாகப் போட்டோ. மாலை மாற்றுகிற மாதிரி ஒன்று, தாலி கட்டுகிற மாதிரி ஒன்று, சாட்சிகளோடு ஒன்று. நான் ‘மாதிரி’ என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். கட்டி முடித்த தாலியை ‘இன்னொருவாட்டி கட்டுப்பா, கண்ண மூடிட்ட’ என்று சொல்லி எடுத்த படங்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954 என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மதம் மாறி மணப்பவர்களுக்கு அதுதான் வழி. முப்பது நாள் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஓடுகிறவனிடம் ஒரு மாசம் நோட்டீஸ் போர்டில் நில் என்று சொல்கிற சட்டம். 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர்களின் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதை மணங்கள் செல்லாது என்று சொல்லி அந்த வாசலையும் சாத்தப் பார்த்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து, ஊரறியச் செய்தால்தான் மணம் என்று 7-ஏ சொல்லவில்லை, ஊருக்குத் தெரிந்தால் ஆபத்து என்கிற நிலையில் இருப்பவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கல்யாணத்துக்குக் கூட்டம் வேண்டாம் என்று ஆகும்போது நிரூபணத்தின் பாரம் எங்கே போகிறது? ஊர் பார்க்காத இடத்தில் கேமரா பார்க்க வேண்டியிருக்கிறது. மண்டபத்தில் ஐநூறு பேர் செய்கிற சாட்சி வேலையை இப்போது நாலு படம் செய்தாக வேண்டும். ஆக, வசதியான வீட்டுப் பையன் கடற்கரையில் எடுத்துக்கொள்வது ஞாபகம். ஓடி வந்தவன் எடுத்துக்கொள்வது உயிர்ச் சாட்சி. முந்தையதில் முகம் அழகாக வர வேண்டும், இதில் அடையாளம் தெரிய வேண்டும்.

மூன்றாவது படம் பத்திரிகையில் வருவது. அவன் பாஸ்போர்ட் படம் ஒரு பக்கம், அவள் படம் ஒரு பக்கம், நடுவில் கண்ணாடி உடைந்த மாதிரி ஒரு கோடு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்ததுதான். யாரும் திட்டமிட்டு எடுக்காத படங்களும் உண்டு: 2015 இல் கோகுல்ராஜ் கடைசியாகக் காணப்பட்ட திருச்செங்கோடு கோயில் கேமராவில் பதிந்தது, 2016 மார்ச்சில் உடுமலை பஸ் ஸ்டாண்டருகே சங்கரை வெட்டியபோது பதிந்தது. இரண்டும் வழக்குக்கு உதவின. சாதி கடந்த ஒரு ஜோடி சேர்ந்து நிற்பதை இந்தச் சமூகம் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த மாதிரிப் படங்களில்தான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் கூலிங் கிளாஸ் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 2012 இல் பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்டும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். ‘நாடகக் காதல்’ என்ற சொல்லாடல் வட மாவட்டங்களில் தெருத்தெருவாகப் புழங்கியது. அரசியல் விமர்சகர்கள் அதற்கு எத்தனையோ விளக்கம் கொடுத்தார்கள். எனக்குப் பட்டது ஒன்றுதான்: அவர் வர்ணித்தது என் ஸ்டுடியோவை. எந்தச் சின்ன ஊர் ஸ்டுடியோவிலும் உள்ளறைச் சுவரில் ஆணி அடித்து ஒரு கோட்டு, ஒரு டை, ஒரு கூலிங் கிளாஸ் தொங்கும். சீப்பும் பவுடர் டப்பாவும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய பையன் வருவான், அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வான். ஊர்த்தெருப் பையனும் வருவான், காலனிப் பையனும் வருவான், கண்ணாடி ஒன்றுதான். ஒருத்தன் கழற்றி வைத்ததை இன்னொருத்தன் எடுத்து மாட்டுவான். ஊரில் டீக்கடையில் தனிக் கிளாஸ் இருந்த காலத்திலும் என் சுவரில் தனிக் கூலிங் கிளாஸ் இருந்ததில்லை. அந்த உடைமாற்றம்தான், தான் விரும்பிய தன்னிலையாகத் தன்னைக் காட்டிக்கொள்கிற அந்தச் சின்ன உரிமைதான், ‘நாடகம்’ என்று பேர் வாங்கியது. யார் அழகாகத் தெரியலாம் என்பதில்தான் அவர்களுக்குக் கோபம்.

பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரிப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு கல்யாணம். 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போகிற வழியில் மரக்காணத்தில் மோதல், தலித் வீடுகளுக்குத் தீ. ஜூலை 4 அன்று இளவரசன் தருமபுரி தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். அதற்கு முந்தின நாள்தான் அவன் மனைவி, உயர் நீதிமன்றத்துக்கு வந்த இடத்தில், அவனோடு இனிச் சேர்ந்து வாழ மாட்டேன் என்று கேமராக்கள் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை. அத்தனை கேமராக்கள் அவள் முகத்துக்கு நேராக நீண்டதைப் பார்த்தபோது, அந்தத் தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் கூசிப் போனேன்.

அந்த வருஷம் ஆவணியில் வழக்கறிஞர் தோழர் ஒருவர் விழுப்புரத்திலிருந்து கூப்பிட்டார். ‘தோழர், ஒரு ஜோடி. நாலே நாலு போட்டோ. வேற யாரையும் கூட்டி வராதீங்க.’ ஒரு தோழர் வீட்டு மாடியில் மாலை மாற்றினார்கள். எடுத்தேன். ராத்திரியே அவர்களைச் சென்னைப் பக்கம் அனுப்புவது என்று ஏற்பாடு. திருச்சி ரோடில் வேண்டாம், சுங்கச்சாவடியில் ஆள் நிற்கும் என்று யாரோ சொல்ல, திண்டிவனம் வந்து மரக்காணம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது என்று ஆயிற்று. வேனில் நானும் இருந்தேன். அந்தப் பெண் கேட்டாள்: ‘கடலாண்ட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுப்பீங்களாண்ணா? நான் கடலையே பாத்ததில்ல.’ கடலிலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அண்ணனும் மீன் வாங்கப் போவார்கள், இவளைக் கூட்டிப் போனதில்லை. தோழர் வேண்டாம் என்றார். நான்தான், ‘அஞ்சு நிமிஷம் தோழர்’ என்றேன்.

உப்பளங்களைத் தாண்டி ஒரு குப்பத்தில் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. ஜோடியைக் கடலை முதுகில் வைத்து நிற்கவைத்தால், வெளிச்சம் அவர்களுக்குப் பின்னால் இருக்கும். கேமராவின் மீட்டர் வானத்தைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். கறுத்த முகமாக இருந்தால் சுத்தமாகப் போய்விடும். (கோடாக் கம்பெனி வெகுகாலம் கலர் பிரிண்டின் தோல் நிறத்தை ‘ஷெர்லி கார்டு’ என்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் சரிபார்த்தது. நம்முடைய முகங்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.) முகம் வேண்டுமென்றால் போட்டோக்காரன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்களைக் கடலைப் பார்க்க வைக்க வேண்டும். அப்போது சூரியன் அவர்கள் முகத்தில் விழும், மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். ஆனால் பின்னணியில் கடல் இருக்காது. கரை இருக்கும். குப்பம், கோயில், போர்டு, படகு. மேற்குக் கடற்கரைக்காரனுக்கு இந்தப் பிரச்சினை சாயங்காலம்தான், அவன் காலையில் எடுத்துவிட்டுப் போய்விடுவான். நம் பக்கத்திலும் சாயங்காலம் எடுத்தால் முகமும் கிடைக்கும் கடலும் கிடைக்கும். கூடவே பஜ்ஜிக்கடையும் நூறு பேரும் இருப்பார்கள். ஓடுகிறவர்களுக்குக் கிடைப்பது விடிகாலை ஒன்றுதான். அதில் கடல் வேண்டுமா, முகம் வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் இரண்டும் எடுத்தேன். கடலை வைத்து இரண்டு, வெறும் நிழலுருவங்கள். பிறகு திருப்பி நிறுத்தி ஆறேழு. அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை அவள் பார்க்கவே இல்லை. என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்கள் அவை என்று இப்போதும் நினைக்கிறேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, ‘இன்னாப்பா, சினிமாவா?’ என்றார். வேன்காரர் ‘ஆமாம்மா’ என்றார். டீ போட்டுக் கொடுத்தார் அந்த அம்மா.

பையனின் போனுக்கு ஒரு படம் அனுப்பினேன். அது என் தப்பு. அவன் தன் சிநேகிதனுக்கு அனுப்பினான், சிநேகிதன் சந்தோஷத்தில் பேஸ்புக்கில் போட்டான். படத்தில் அவர்கள் தோளுக்குப் பின்னால் படகு ஒன்று, பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியில் குப்பத்தின் பெயர் எழுதியிருந்தது. மூணாம் நாள் ஏழெட்டு பைக் அந்தக் குப்பத்துக்குப் போயிற்று. ஜோடி அதற்குள் எட்டாத தூரம் போயாச்சு. ஆனால் குப்பத்தில் விசாரணை நடந்தது, யார் வீட்டில் தங்கினார்கள், யார் சோறு போட்டது என்று. அந்த அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: ‘சினிமாக்காரங்க வந்தாங்க, போனாங்க. எங்களுக்கு இன்னா தெரியும்.’

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இடம் ஞாபகம் வரும். பாலைக்கலியில், ஓடிப்போன மகளைத் தேடிச் செல்கிற செவிலி வழியில் முக்கோல் ஏந்திய அந்தணர்களைக் கண்டு கேட்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் மலைக்குப் பயன்படாது, கடலில் பிறந்தாலும் முத்து கடலுக்குப் பயன்படாது, உன் மகளும் அப்படித்தான், அவள் செய்தது அறம் என்று அவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற தமிழாசிரியர் தம் மகள் போனால் கடத்தல் என்று புகார் எழுதிக் கொடுப்பார், அது வேறு விஷயம். என்னைப் பொறுத்தவரை அந்தப் பகவர்களைவிட மரக்காணத்து வலைக்கார அம்மா உசத்தி. பகவர்கள் கண்டோம் என்று ஒத்துக்கொண்டு உபதேசம் பண்ணினார்கள். இவர் பார்த்ததையே மாற்றிச் சொல்லி வழியை அடைத்தார்.

உடன்போக்குக்குத் தொல்காப்பியத்தில் கொண்டுதலைக்கழிதல் என்று பெயர். அதன் நிலம் பாலை, நெய்தல் அல்ல. நெய்தலுக்கு உரியது இரங்கல். நான் அவர்களைத் திணை மாற்றிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்று பிறகு வேடிக்கையாக நினைத்துக்கொண்டதுண்டு. வேடிக்கை இல்லாத விஷயம் ஒன்றும் அதில் இருக்கிறது. அகத்தில் வருகிற காதலர்களுக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது அகத்திணையியலின் விதி. இதைப் பொதுமைப் பண்பு, உலகளாவிய மானுடம் என்றெல்லாம் உரைக்காரர்களும் பேராசிரியர்களும் விளக்கியாயிற்று. எனக்கு அது பாதுகாப்பு விதியாகவும் தெரிகிறது. பெயர் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தமர் வருவர். நிழற்படம் இந்த விதியைத் தலைகீழாக்குகிற கருவி. அதில் முகமே பெயர். பின்னணி ஊர். இன்று அந்தக் கோப்புக்குள்ளேயே எடுத்த நேரமும், போனில் எடுத்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். இந்த ஒரு விஷயத்தையாவது இம்மாதிரி வேலை செய்கிற தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதி ‘மறுதரவுப் பத்து’ என்ற பத்தோடு முடிகிறது. உடன்போனவர்கள் ஊர் திரும்புவது. அன்றைக்கு அது மங்கலம். நம் காலத்தில் மறுதரவுதான் கொலைக்களம். கண்ணகியும் முருகேசனும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்தவர்கள். பத்திரம் இருந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் இருந்த கண்ணகி ஊருக்குத் திருப்பி அழைத்து வரப்பட்டாள். ஜூலை 8 அன்று விருத்தாசலம் பக்கம் இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தண்டனை வர 2021 ஆயிற்று. பதிவேட்டில் உள்ள பெயரால் காப்பாற்ற முடியாததை ஆல்பத்தில் உள்ள முகத்தால் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி அதனால் எப்போதும் இருக்கிறது. 2016 இல் உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு என்றது, 2018 இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் காப்பகம் என்றது. அங்கே போய் நிற்கிறவர்களிடமும் முதலில் கேட்பது, ‘கல்யாணம் ஆச்சுன்றதுக்கு இன்னா ப்ரூஃப்?’

குப்பத்துக்கு பைக் போனது தெரிந்த அன்று ராத்திரி, முகம் தெரிகிற அந்த ஆறேழு படங்களையும் அழித்தேன். கார்டிலும் அழித்தேன், கம்ப்யூட்டரிலும் அழித்தேன். மாடியில் எடுத்த நாலும் வழக்கறிஞரிடம் சீல் போட்ட கவரில் போயிற்று. நிழலுருவம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு இம்மாதிரி வேலைக்குப் போனால் வெற்றுச் சுவர்தான் பின்னணி. காலண்டரைக்கூடக் கழற்றச் சொல்வேன். சாட்சிகள் முகம் ஒரே ஒரு படத்தில், அதை யார் கையிலும் கொடுப்பதில்லை. போனுக்கு எதுவும் அனுப்புவதில்லை. வழக்குக்கு வேண்டுமென்றால் மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நானே கொடுக்கிறேன். 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆவது பிரிவு அதைக் கேட்கிறது. கடற்கரைக்கு யாரையும் கூட்டிப் போவதில்லை. தோழர்கள் இதைப் பாராட்டினார்கள். பொறுப்பான நடைமுறை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முகமில்லாமல், இடமில்லாமல், தேதி மட்டும் உள்ள படம் யாருடைய விருப்பம் என்று யோசித்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. அவர்கள் சேர்ந்து நின்றதற்குத் தடயம் இருக்கக் கூடாது என்பதுதானே துரத்தி வந்தவர்களின் விருப்பமும்?

போன ஆடியில் ஒரு போன் வந்தது. புது நம்பர். ‘அண்ணா, நல்லா இருக்கீங்களா? கடலாண்ட எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?’ குரலை வைத்து எனக்குத் தெரியவில்லை, கடலாண்ட என்றதும் தெரிந்தது. எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெரிய பொண்ணு ஐந்தாவது படிக்கிறாளாம். வீட்டில் கல்யாணப் போட்டோ ஏன் இல்லை என்று கேட்கிறாளாம். இருந்த இரண்டையும் அனுப்பினேன். வானம் ஆரஞ்சாக, கடல் வெள்ளியாக, நடுவில் கறுப்பாக இரண்டு உருவம். இன்றைக்கு ட்ரோன்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு எடுக்கிற படம் மாதிரியே இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள்.

‘நல்லாத்தான்ணா கீது. மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணுகூட இல்லியா?’